அமெச்சூர் வானொலியைத் தொடங்க விரும்புகிறேன்: முதலில் எந்தக் கருவியை வாங்குவது?

மேலூர்க்காரன்:

அனைவருக்கும் வணக்கம். மதுரைக்கு அருகில் உள்ள ஒரு பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். மின்காந்த அலைகள் பாடத்தை ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் தொடங்கிக் கரும்பலகையிலேயே முடித்துவிடுகிறேன் என்ற குறை எனக்கு நெடுநாளாக உண்டு. சென்ற மாதம் ஒரு பயிற்சி முகாமில், ஆர்வலர்கள் பொழுதுபோக்காகத் தம் சொந்தக் கருவியில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் ஹாம் வானொலியை (அமெச்சூர் வானொலிக்கு மற்றொரு பெயர்) பற்றி ஒருவர் அரை மணி நேரம் பேசினார். அன்று முதல் இதிலேயே மனம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதற்காக ஐயாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். இணைய வணிகத் தளம் ஒன்றில் 5 வாட் திறன் கொண்ட வாக்கி-டாக்கி இரண்டாயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கிறது. ஹாம்களுக்கு ஏற்றது என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள். வீட்டில் மொட்டை மாடி இருக்கிறது, கொல்லையில் ஒரு தென்னை மரமும் நிற்கிறது. வரும் ஆவணியில் பன்னிரண்டு வயது நிறையும் என் மகளுக்கும் இதில் ஆர்வம் தொற்றிக்கொண்டது. முதலில் எதை வாங்குவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

செப்புக்கம்பி:

ஆசிரியர் ஐயா, வணக்கம். இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள் என்பதே என் விடை. அந்த வாக்கி-டாக்கியை நிச்சயமாக வாங்காதீர்கள்.

நம் நாட்டில் ஒலிபரப்பும் கருவியை இயக்குவதற்கு மட்டுமன்று, வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும். 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படித்தான் இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் அதை விட்டுவிடவில்லை. இதைத் தெரிவிக்காமல் வாக்கி-டாக்கி விற்ற இணைய வணிகத் தளங்களுக்கு 2025 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. 446 மெகாஹெர்ட்ஸ் அருகே உரிமம் இன்றிப் பயன்படுத்தத்தக்க குறைந்த திறன் கருவிகள் உண்டு என்றாலும், அவை வேறு வகை. அவற்றை வைத்துக்கொண்டு ஹாம் ஆக முடியாது.

ஆகவே முதல் மூன்று மாதம் கேளுங்கள். அதற்கு உங்கள் கைப்பேசியே போதும். நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் ஒரு சிற்றலைப் பெறுவியை இணையத்தோடு இணைத்து, உலகில் எவரும் தம் விருப்பப்படி திருப்பிக் கேட்கும்படி வைத்திருக்கிறார்கள். மாலை வேளையில் அதில் 14 மெகாஹெர்ட்ஸ் பகுதிக்குச் செல்லுங்கள். முதலில் காதில் விழுவது மனிதக் குரலாகவே இராது. வாத்து ஒன்று மூக்கடைத்துக்கொண்டு கத்துவதைப் போல இருக்கும். ஒற்றைப் பக்கப்பட்டை முறையில், குரலைச் சுமக்கும் ஊர்தி அலையையும் அதன் இரு பக்கங்களிலும் விரியும் பட்டைகளில் ஒன்றையும் நீக்கிவிட்டு அனுப்புவதால், நாம் திருப்பும் அதிர்வெண் சிறிது பிசகினாலும் குரல் கீச்சென்றோ கட்டையாகவோ மாறிவிடும். பத்துப் பத்து ஹெர்ட்ஸாக நகர்த்திக்கொண்டே வந்தால், ஓர் இடத்தில் அந்த வாத்து சட்டென்று ஒரு முதியவராக மாறித் தம் ஊரின் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் மேல்பக்கப்பட்டையும் அதற்குக் கீழே கீழ்ப்பக்கப்பட்டையும் வழக்கத்தில் உள்ளன. 7 மெகாஹெர்ட்ஸில் எவ்வளவு திருகியும் குரல் தெளியவில்லை என்றால், பெரும்பாலும் இந்தப் பக்கத்தை மாற்றத் தவறியிருப்பீர்கள்.

யார் எப்படி அழைக்கிறார், எவ்வளவு நேரம் பொறுத்துப் பதில் சொல்கிறார், இருவர் பேசும்போது மூன்றாமவர் எந்த இடைவெளியில் நுழைகிறார் என்பவை எந்தப் பாடநூலிலும் இந்த அளவுக்குக் கிடைக்கா.

ஐந்துவாட்:

செப்புக்கம்பி அண்ணா சொல்வதில் பாதியை மட்டும் ஏற்கிறேன். உரிமத்துக்கு முன் வாங்கக் கூடாது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால், சிற்றலையைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்வது பொருந்தாது. நான் சென்னையில் ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் தளத்தில் இருக்கிறேன். எல்.இ.டி. விளக்குகளும் இன்வெர்ட்டர்களும் கைப்பேசி சார்ஜர்களும் சேர்ந்து எழுப்பும் இரைச்சலில், 7 மெகாஹெர்ட்ஸ் முழுவதும் எண்ணெயில் கடுகு பொரிவது போன்ற ஒலிதான் எனக்குக் கேட்கிறது. என்னை இந்தத் துறையில் நிலைக்க வைத்தது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள இரண்டு மீட்டர் பட்டையே.

இந்தப் பட்டையின் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதால், தரையில் நிற்கும் இரண்டு கையடக்கக் கருவிகள் நகரத்துக்குள் ஓரிரு கிலோமீட்டரைக் கடப்பதே பெரிது. ஆனால் உயரமான கட்டடத்திலோ குன்றிலோ ஒரு ரிப்பீட்டர் இருந்தால், அது ஓர் அதிர்வெண்ணில் வாங்கி மற்றோர் அதிர்வெண்ணில் உடனே திருப்பி அனுப்பும். 5 வாட்டில் பேசுபவரின் குரல் ஊர் முழுவதும் கேட்கும். ரிப்பீட்டரில் காலையில் கூடும் 'நெட்' என்ற குழு உரையாடலில் பேசுபவர்களே பிறகு என் வீட்டுக்கு வந்து ஆன்டெனா கட்டிக்கொடுத்தார்கள். எனவே ஆசிரியர் முதலில் தேட வேண்டியது கருவியை அன்று, பக்கத்தில் உள்ள ஹாம்களை. மதுரைப் பக்கத்திலும் இருப்பார்கள். மாடியில் விசித்திரமான கம்பிகள் தெரியும் வீட்டின் கதவைத் தட்டுவதில் தவறில்லை. பெரும்பாலோர் தேநீர் கொடுத்துத்தான் அனுப்புவார்கள், ஆனால் மூன்று மணி நேரத்துக்கு முன்னால் விடமாட்டார்கள்.

கடைசிபெஞ்ச்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கைப்பேசியில் உலகின் எந்த மூலைக்கும் முகம் பார்த்தே பேசலாம் என்று ஆன பிறகு, தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, மாடியில் கம்பி கட்டி, இரைச்சலுக்கு நடுவே யாரோ ஒருவரின் ஊர்ப்பெயரைக் கேட்பதில் என்ன பயன் என்று எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை. பேரிடர்க் காலத்தில் உதவும் என்று சொல்வார்கள். அது அடிக்கடி நடக்கிறதா?

நல்லூரான்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். அடிக்கடி நடப்பதில்லை என்பதே நேர்மையான பதில். ஆனால் நடந்தபோது என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும்.

2004 டிசம்பரில் ஹைதராபாதில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற அம்மையார் தம் குழுவினருடன் போர்ட் பிளேயரில் நிலையம் அமைத்து வி.யு.4 என்று தொடங்கும் அழைப்புக் குறியில் (ஒவ்வொரு நிலையத்துக்கும் உரிய அடையாளப் பெயர்) இயங்கிக்கொண்டிருந்தார். அந்தமானிலிருந்து பல ஆண்டுகளாக எந்த ஹாமும் ஒலிபரப்பாததால், அந்த ஒரு தொடர்பைத் தம் பட்டியலில் சேர்க்க உலகெங்கும் உள்ளவர்கள் போட்டி போட்டார்கள். முழுக்க முழுக்க பொழுதுபோக்கு. 26-ஆம் நாள் காலையில் நிலம் நடுங்கியது, பிறகு ஆழிப்பேரலை வந்தது. தொலைபேசி இணைப்புகள் அறுந்த தீவுகளிலிருந்து, உறவினரைத் தேடியவர்களுக்கான செய்திகளை அதே கருவிகள், அதே ஆன்டெனாக்கள் வழியாக அந்தக் குழு அனுப்பத் தொடங்கியது. எங்கள் நாட்டிலும் இலங்கை வானொலிச் சங்கத்தினர் ஹம்பாந்தோட்டைக்கு நிலையத்தை எடுத்துச் சென்று கொழும்போடு தொடர்பு ஏற்படுத்திக் கொடுத்தார்கள்.

அவர்களால் அன்று அதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், முந்தைய நாள்களில் பயனற்றது என்று நீங்கள் சொல்லும் அந்த வேலையை அவர்கள் நாள்தோறும் செய்துகொண்டிருந்ததுதான். இரைச்சலுக்குள் அழைப்புக் குறியைப் பிரித்தெடுக்கும் காது ஒரே நாளில் வராது.

இன்னொன்றையும் ஆசிரியருக்குச் சொல்லி வைக்கிறேன். எங்கள் பக்கத்தில் உரிமம் வழங்குவது இலங்கை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. எங்கள் அழைப்புக் குறிகள் 4 எஸ் 7 என்று தொடங்கும். மாலை மங்கும் வேளையில் 7 மெகாஹெர்ட்ஸில் தென்னிந்தியக் குரல்கள் பக்கத்து வீட்டிலிருந்து வருவன போல எனக்குக் கேட்கும். பகலில் வளிமண்டலத்தின் உயரத்தில் உள்ள அயனமண்டலத்தின் கீழடுக்கு இந்த அலைகளை உறிஞ்சிவிடுவதால் சில நூறு கிலோமீட்டருக்குள் அடங்கியிருக்கும் பட்டை, சூரியன் இறங்கி அந்த அடுக்கு கலைந்ததும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு விரிந்துவிடும். ஐயா தம் மாணவர்களுக்கு இதைக் கரும்பலகை இல்லாமலே காட்டலாம்.

டாடிட்:

தேர்வைப் பற்றி இதுவரை எவரும் சொல்லவில்லை என்பதால் நான் சொல்கிறேன்.

அமெச்சூர் நிலைய இயக்குநர் சான்றிதழ் என்பதே அதன் பெயர். தொலைத்தொடர்புத் துறையின் கீழ் உள்ள டபிள்யூ.பி.சி. (கம்பியில்லாத் தொடர்புத் திட்டமிடல், ஒருங்கிணைப்பு) பிரிவு அதற்கான தேர்வை நடத்துகிறது; சரள் சஞ்சார் என்ற அரசுத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தபட்ச வயது 12 என்பதால் உங்கள் மகளும் ஆவணிக்குப் பிறகு எழுதலாம். கட்டுப்படுத்தப்பட்ட தரம், பொதுத் தரம் என இரண்டு நிலைகள் உண்டு. முதல் நிலைக்கு மோர்ஸ் (எழுத்துகளைக் குறுகிய, நீண்ட ஒலிகளாக அனுப்பும் முறை) தேவையில்லை. அழைப்புக் குறி வி.யு.3 என்று தொடங்கும், சிற்றலையில் 50 வாட் வரை அனுமதி. பொதுத் தரத்துக்கு நிமிடத்துக்கு 8 சொற்கள் வேகத்தில் மோர்ஸ் அனுப்பவும் வாங்கவும் தெரிந்திருக்க வேண்டும், வி.யு.2 குறியும் 400 வாட் வரை அனுமதியும் கிடைக்கும். நான் எழுதியபோது தேர்வுக் கட்டணம் நூறு ரூபாய், இருபது ஆண்டு உரிமத்துக்கு ஆயிரம் ரூபாய். இன்றைய தொகையைத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தேர்ச்சி பெற்றதும் உரிமம் கைக்கு வந்துவிடாது. பின்னணிச் சரிபார்ப்பு உண்டு, காத்திருப்பு மாதக்கணக்கில் நீளலாம்.

வினாத்தாளில் ஒரு பகுதி மின்னணுவியல், மறுபகுதி விதிமுறைகள். இயற்பியல் ஆசிரியருக்கு முதல் பகுதி கைவந்ததாகவே இருக்கும். என்னைப் போன்ற வணிகவியல் பட்டதாரிக்குத்தான் ஓம் விதியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. விதிமுறைப் பகுதியில்தான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். இசை ஒலிபரப்பக் கூடாது, வணிகம் பேசக் கூடாது, மறைகுறியில் பேசக் கூடாது, அழைப்புக் குறியைச் சொல்லாமல் பேசக் கூடாது என்பவற்றோடு, கியூ.டி.எச். என்றால் இருப்பிடம், கியூ.ஆர்.எம். என்றால் பிற நிலையங்களின் இடையூறு, கியூ.எஸ்.பி. என்றால் குறிப்பலை ஏறி இறங்குதல் என்று குறியீடுகளையும் மனப்பாடம் செய்ய வேண்டும்.

மோர்ஸை வேண்டாத சுமை என்று சிலர் சொல்வார்கள். எட்டுச் சொல் வேகத்தை அடைய எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. அச்சிட்ட அட்டவணையில் உள்ள புள்ளிகளையும் கோடுகளையும் பார்த்து மனப்பாடம் செய்ததால்தான் அத்தனை மாதம். எழுத்தைக் கண்ணால் அல்லாமல் காதால் கற்க வேண்டும்; 'கே' என்பது கோடு-புள்ளி-கோடு அன்று, 'டா டிட் டா' என்ற ஒரே தாளம். மிருதங்கச் சொற்கட்டைப் பழகுவது போலத்தான். இதை எனக்கு யாராவது முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால் மூன்று மாதம் மிஞ்சியிருக்கும்.

ஐந்துவாட்:

சகோதரி சொல்வது சரி. ஆனால், மோர்ஸ் தெரியாமலும் குறைந்த திறனில் நெடுந்தொலைவு செல்ல இன்று வழி இருக்கிறது. 2017-இல் வந்த எப்.டி.8 முறையில் கணினியே பதினைந்து பதினைந்து நொடிகளாகச் செய்தியை அனுப்பி வாங்குகிறது. காதுக்கு எட்டாத அளவு மெலிந்த குறிப்பலையையும் அது பிரித்தெடுத்துவிடும்.

டாடிட்:

பிரித்தெடுக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே பேசிக்கொள்வது இரண்டு கணினிகள். நான் பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

செப்புக்கம்பி:

இந்தச் சண்டை எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஆசிரியருக்கு ஆன்டெனாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் ஐயாயிரம் ரூபாயில் நான்காயிரத்தைக் கருவிக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் கிடைத்த கம்பியைக் கட்டுவதே புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

143-ஐ மெகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணால் வகுத்தால், அரை அலை டைபோலின் (அரை அலைநீளத்துக்கு இழுத்துக் கட்டும் கம்பி ஆன்டெனா) மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 20 மீட்டர்; நடுவில் வெட்டி ஒவ்வொரு பக்கமும் 10 மீட்டர். நடுப்பகுதியை மாடியில் ஒரு குழாயின் உச்சியில் உயர்த்தி, இரு முனைகளையும் நைலான் கயிற்றால் சாய்வாக இழுத்துக் கட்டினால் போதும்; ஒரு முனைக்கு உங்கள் தென்னை மரம் இருக்கிறது. காற்றில் மரம் ஆடும் என்பதால் கயிற்றைக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள். மின்வாரியக் கம்பி இருக்கும் பக்கம் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள். ஆன்டெனா அறுந்து விழுந்தாலும் அந்தக் கம்பியைத் தொடாத தொலைவு வேண்டும்.

கருவியை ஆன்டெனாவோடு இணைக்கும் கோஆக்ஸ் கேபிளில் சிக்கனம் பார்த்து நான் பட்ட பாட்டையும் கேளுங்கள். இரண்டு மீட்டர் பட்டைக்கு ஆர்.ஜி.58 என்ற மெல்லிய கேபிளை இருபது மீட்டர் இழுத்திருந்தேன். அந்த அதிர்வெண்ணில் அத்தனை நீளத்துக்குள் பாதிக்கு மேற்பட்ட திறன் வெப்பமாகவே போய்விடும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. போதாக்குறைக்கு, மேல் முனை இணைப்பில் வெறும் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டேன். ஐப்பசி அடைமழை முடிந்து பார்த்தபோது நிலையலை விகிதம் (அனுப்பும் திறன் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு, ஒன்றுக்கு அருகில் இருக்க வேண்டியது) மூன்றைத் தாண்டியிருந்தது. இணைப்பை வெட்டிப் பிரித்தால், உள்ளே பின்னல் கம்பி இரண்டு சாண் நீளத்துக்குப் பச்சை பூத்து, பழைய பித்தளைக் குத்துவிளக்கின் அடிப்பகுதி போல இருந்தது. அதை விரலால் தேய்த்ததும் பொடியாக உதிர்ந்தது. அன்று முதல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றி, அதன் மேல் மற்றதைச் சுற்றுகிறேன். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் நீர் சொட்டி விழுமாறு கேபிளை ஒரு வளைவு தாழ்த்தி விடுகிறேன். இடி மழை வரும் என்று தெரிந்தால் கேபிளைக் கருவியிலிருந்து கழற்றிவிட வேண்டும் என்பதையும் மகளுக்குச் சொல்லி வையுங்கள்.

சோல்டரிங் பழக்கம் இருந்தால், உரிமம் வந்த பிறகு கருவியையும் நீங்களே கட்டலாம். ஹைதராபாதைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் 2003-இல் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற கருவி அதற்காகவே பிறந்தது. இறக்குமதி செய்யும் காந்த வளையங்கள் கிடைக்காதவர்கள், தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷரின் மேல் கம்பியைச் சுற்றிச் சுருள் செய்துகொள்ளலாம் என்ற அளவுக்கு அவர் நம்மூர்க் கடைத்தெருவை மனத்தில் வைத்திருந்தார். வாங்கிய கருவி பழுதானால் பெட்டியில் போட்டு அனுப்புவோம். கட்டிய கருவி பழுதானால் எந்த டிரான்சிஸ்டர் என்று நமக்கே தெரியும்.

மேலூர்க்காரன்:

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வாக்கி-டாக்கி வாங்கவில்லை. கணினியில் செருகும் ஆர்.டி.எல். வகைப் பெறுவி ஒன்றை மட்டும் வாங்கினேன். அதில் கேட்க மட்டுமே முடியும்.

இரண்டு மீட்டர் பட்டைக்கு ஓர் ஆன்டெனா செய்ய, மின்கம்பி வேலைக்கு வாங்கிய செப்புக் கம்பியில் மிச்சமிருந்ததை 49 சென்டிமீட்டர் நீளத்தில் ஐந்து துண்டுகளாக வெட்டினோம். சதுர இணைப்பியின் நடுவில் ஒன்றை நிமிர்த்திச் சோல்டர் செய்து, நான்கு மூலைத் துளைகளில் நான்கைக் கட்டி, அவற்றை நாற்பத்தைந்து பாகைக்குக் கீழ்நோக்கி வளைத்தோம். அப்படி வளைத்தால்தான் ஆன்டெனாவின் மின்மறுப்பு 50 ஓமுக்கு அருகில் வந்து கேபிளோடு பொருந்தும் என்று மகளுக்கு விளக்க எனக்கு ஒரு மாலை முழுவதும் தேவைப்பட்டது. துடைப்பக் கழியில் கட்டி மாடியில் நிறுத்தியிருக்கிறோம்.

சென்ற சனிக்கிழமை பன்னாட்டு விண்வெளி நிலையம் எங்கள் வானத்தைக் கடந்தபோது 145.800 மெகாஹெர்ட்ஸில் காத்திருந்தோம். அன்று அதிலிருந்து படங்களை ஒலியாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். திரையில் குறிப்பலையின் கோடு எதிர்பார்த்த இடத்துக்குச் சுமார் மூன்றரை கிலோஹெர்ட்ஸ் மேலே தோன்றியது. நிலையம் தலைக்கு மேல் வரவர நடுவுக்கு வந்து, பிறகு அதே அளவு கீழே இறங்கியது. டாப்ளர் விளைவுக்குப் பதினான்கு ஆண்டுகளாக ரயில் ஊதலையே உதாரணம் சொல்லி வந்திருக்கிறேன். அந்தக் கோடு வளைவதைப் பார்த்தபோது நான் பேசவில்லை, மகள்தான் "அப்பா, அது நம்மைத் தாண்டிப் போய்விட்டது" என்றாள். படத்தின் கீழ்ப் பாதி இரைச்சலாகவே வந்தது. மேல் பாதியை அச்செடுத்து வகுப்பில் ஒட்டியிருக்கிறேன்.

தேர்வுக்கான விண்ணப்பத்தை ஆவணியில் இருவருமாக அனுப்பத் திட்டம். இப்போது ஒரு சிறு கேள்வி. மகள் ஒரு குறிப்பேட்டில் நாள், உலகப் பொது நேரம், அதிர்வெண், அழைப்புக் குறி எனக் கட்டம் போட்டு எழுதி வருகிறாள். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழிப்பது அவளுக்கு இப்போது விரலெண்ணாமலே வருகிறது. நேற்று மாலை இணையப் பெறுவியில் ஒரு நிலையம் ஏறி இறங்கி ஒலித்ததில், அழைப்புக் குறியின் கடைசி எழுத்துப் பிடிபடவில்லை. இந்தியப் பட்டியலில் தேடி, பொருந்தும் ஒன்றை எழுதிவிடலாமா என்று கேட்கிறாள். என்ன சொல்வது?

செப்புக்கம்பி:

கேட்காத எழுத்தின் இடத்தில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள், ஐயா. பக்கத்தில் கியூ.எஸ்.பி. என்று எழுதிக்கொள்ளட்டும். என் முதல் குறிப்பேடு இன்னும் அலமாரியில் இருக்கிறது. முதல் பக்கத்தில் பதினொரு வரிகள், அவற்றில் ஏழில் புள்ளிகள். அதே நிலையம் நாளையும் அந்த நேரத்துக்கு வர வாய்ப்புண்டு. ஐந்து நிமிடம் முன்னதாகவே உட்காரச் சொல்லுங்கள்.